அண்ணனின் பஸ் மெசேஜ்

இன்று பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, உங்கண்ணன் மெசேஜு அரைமணி முந்தியே வருது. நின்னு நின்னு காலு நோவுது. கொஞ்சம் சொல்லி வையி சாமி."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் போன தையிலேயே இறந்துவிட்டான்.

காலை பஸ் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும் நேரத்துக்கு, "கெளம்புங்க" என்று ஊரார் போனுக்கெல்லாம் மெசேஜ் அனுப்ப அவன் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அது இன்னும் ஓடுகிறது. பஸ் நேரம்தான் மாறிவிட்டது.

எழுதியது 'நிம்' என்ற கணினி மொழியில்.

"யாருக்கும் தெரியாததுல எதுக்குண்ணா எழுதறே?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"நீயும் கத்துக்கிட்டா ரெண்டு பேராயிருவோம்ல" என்றான்.

இன்று மதியம் முழுக்க உட்கார்ந்து கற்றேன். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி குறைந்தாலும் ஓட மாட்டேன் என்கிறது. ஒருவழியாக நேரத்தை மாற்றிவிட்டேன். மெசேஜின் அடியில் வரும் அவன் பெயரை மட்டும் தொடவில்லை.

ஆக, இந்த மலையில் இப்போதும் நிம் தெரிந்தது ஒரே ஆள்தான்.

வேறு யாராவது இருந்தால் கமெண்டில் கை தூக்குங்கள். இரண்டு பேராவது ஆவோம்.