பின்னால் நிற்கும் பேர்

மஞ்சள் ஹெல்மெட். முன்பக்கம் கறுப்புப் பெயிண்டால், ஓரம் கொஞ்சம் வழிந்த தமிழ் எழுத்தில் ‘தா. மாஸ்ரெஷா’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் என் அண்ணன். அதை மாட்டிக்கொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி நின்றவன் எத்தியோப்பியாக்காரத் தம்பி ஒருவன். அந்தப் போட்டோ என் செல்லுக்கு வந்தபோது நான் குமாரபாளையத்தில் லுங்கி மடிக்கும் வேலையில் இருந்தேன். கூட வேலை செய்தவர்கள் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். “ஏம்புள்ள, ஆப்பிரிக்காவுலயும் தமிழ்லதான் எழுதறாங்களா?” என்று ஒரு அக்கா நிஜமாகவே கேட்டார். அண்ணன் இறந்து பத்து மாதம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அந்த ஹெல்மெட்டை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடுகிற பெரிய லாரியைத்தான் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் என்போம். இந்த ஊரிலிருந்து ரிக் வண்டிகள் வடநாடு போகும், கப்பலேறி ஆப்பிரிக்காவும் போகும். வண்டி பின்னாலேயே ஆட்களும் போவார்கள். அண்ணன் எத்தியோப்பியாவில் இரண்டு வருடம் இருந்தார். அங்கே கம்பெனி உள்ளூர் ஆட்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக் கொடுத்தது. பேர்ப் பட்டியல் அண்ணன் கைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் இருந்தது. நம்ம ஊர் வழக்கம் அண்ணன் ரத்தத்தில் ஊறியது. முன்னால் இருப்பது அப்பா, பின்னால் இருப்பது ஆள். முன்னால் உள்ளதைச் சுருக்கி ஒரு எழுத்தாகப் போட்டுவிட்டால் இனிஷியல் ஆயிற்று. பட்டியலில் அந்தத் தம்பிக்கு ‘தாவித் மாஸ்ரெஷா’ என்று இருந்தது. அண்ணன் யோசிக்கவே இல்லை. தாவித் அப்பா, மாஸ்ரெஷா பையன். நம் ஆட்கள் படிக்க வேண்டும் என்பதற்காக எட்டு ஹெல்மெட்டிலும் இனிஷியலோடு தமிழில் எழுதி, அத்தனை பேருக்கும் மாட்டிவிட்டார்.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. “மாஸ்ரெஷா, ராடு எடுடா.” “மாஸ்ரெஷா, எங்கடா போய்த் தொலஞ்ச?” கூப்பிட்டபோதெல்லாம் அந்தத் தம்பி ஓடி வந்தான். கூட இருந்த உள்ளூர் ஆட்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அண்ணன் அதைத் தன் தமாஷுக்கு விழுகிற சிரிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் தம்பியின் அப்பா வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். தோளில் வெள்ளைத் துண்டு, கையில் ஒரு தடி, ஒல்லியாக உயரமாக இருந்தாராம். அந்த நேரம் பார்த்து அண்ணன் வண்டி மேலிருந்து கத்தினார்: “மாஸ்ரெஷா.” தம்பி திரும்பினான். அவன் பக்கத்தில் அந்தப் பெரியவரும் திரும்பி, தடியை ஊன்றி நேராக நின்று, “அபேத்” என்றார். அந்த ஊரில் பெரியவர்கள் கூப்பிட்டால் பணிவாகச் சொல்கிற பதில் அது. நம்ம ஊர் ‘சொல்லுங்க’ மாதிரி. அதைக் கேட்டுத்தான் மற்ற ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்து சொன்னபோது முகமெல்லாம் வெட்கம். “அம்மிணி, ஒருத்தனோட அப்பன் பேரச் சொல்லி மூணு மாசமா வாடா போடான்னு வெரட்டியிருக்கறேன். அந்த மனுசன் வந்து நிக்கறாரு, எனக்கு வண்டிய விட்டு எறங்கறதுக்குக் காலே வல்ல.”

“அவன் ஏனுங்ண்ணா உங்ககிட்டச் சொல்லல?” என்று கேட்டேன்.

“கேட்டனே. உங்க நாட்டுல மரியாதையா இப்படித்தான் கூப்பிடுவீங்கன்னு நெனச்சானாம். மரியாதையாக் கூப்பிட்டு எதுக்கு ‘டா’ போடறாங்கன்னு மட்டும் புரியலையாம்.”

அந்த நாட்டில் குடும்பப் பேர் என்று ஒன்றே கிடையாது. முதலில் தன் பேர், அதற்குப் பின்னால் அப்பா பேர், அவ்வளவுதான். நம்மைப் போலவேதான், திருப்பிப் போட்ட சட்டை மாதிரி. இதில் அண்ணனுக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற கட்டத்தில் எங்கள் அப்பா பேரைத்தான் போட்டிருந்தார்கள். வேறு நாடுகளில் ஏர்போர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் இவரை எங்கள் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். செத்துப்போன அப்பா பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்குமாம். “பாஸ்போர்ட் எடுத்ததுக்கப்பறம் என் பேர வெச்சு என்னைக் கூப்பிட்ட நாடு இது ஒண்ணுதான் அம்மிணி. நான்தான் அவங்களத் தப்பாக் கூப்பிட்டுட்டேன்” என்றார்.

மன்னிப்புக் கேட்கப் பெரியவர் வீட்டுக்கே போனார். அங்கே காப்பிக் கொட்டையைக் கண் முன்னால் வறுத்து, இடித்து, மூன்று சுற்றுக் கொடுத்தார்களாம். கூடவே ஒரு கூடை நிறையச் சோளப்பொரி. “காப்பிக்குப் பொரி அம்மிணி. நம்ம தேர்த் திருவிழாக் கடைப் பொரியாட்டவே இருக்குது” என்றார். பெரியவருக்குக் கோபமே இல்லை. மகன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, “என் பேர்தானே எழுதியிருக்கு, அப்ப இது எனக்குத்தான்” என்று உட்கார்ந்துகொண்டாராம். காப்பி முடியும்வரை கழற்றவில்லை. அண்ணன் அடுத்த நாள் புதுசு ஒன்று எடுத்து ‘மா. தாவித்’ என்று எழுதிக்கொடுத்தார். பழையதைப் பெரியவர் திருப்பித் தரவே இல்லை.

அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன என்று அன்றைக்குத்தான் அண்ணன் கேட்டார். மாஸ்ரெஷா என்றால் மறக்கச் செய்வது. பெரியவர் பிறப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு அண்ணன் இருந்து, ஓடி விளையாடுகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்துப் பிறந்த இவருக்கு, துக்கத்தை மறக்கடிக்க வந்தவன் என்று அவருடைய அப்பா இந்தப் பேரை வைத்தார். அங்கே, வடக்கே மலைப் பக்கம், இந்தப் பேர் நிறைய உண்டாம். தாவித் படித்த வகுப்பிலேயே மூன்று பேருக்குப் பின்னால் மாஸ்ரெஷா இருந்தது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. மூன்று வீட்டில் மூன்று சாவு, அவ்வளவுதான் உறவு. ஒரு தலைமுறை தாண்டினால் அந்தப் பேர் தானாக விலகிவிடும். தாவித்துக்குப் பிள்ளை பிறந்தால் அதன் பின்னால் தாவித் என்றுதான் வரும். வெளிநாட்டில் போய்த் தங்கிவிட்டவர்கள் சிலருக்கு மட்டும் அது அப்படியே குடும்பப் பேராக நின்றுபோகுமாம். யார் துக்கம் என்றே தெரியாத பேரன் பேத்திகள் அதைச் சுமந்துகொண்டு திரிவார்களாம். இதை அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மா பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “நம்ம ஊர்ல குப்பன்னு வெக்கறதில்லையா, அந்த மாதிரிதான்” என்றார். முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பேர் வைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். எமன் குப்பையைத் தொடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. எத்தனை குப்புசாமியை நானே மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர்கள் பேருக்குப் பின்னால் இப்படி ஒரு வீடு அழுதிருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

நடுவில் ஒரு தடவை லீவில் வந்து போயிருந்த அண்ணன், அண்ணி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது மறுபடி ஊர் வந்தார். ஒரு மாதம் இருந்தார். ஒரு காலையில் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கால் ஷூவோடு சாய்ந்துவிட்டார். முப்பத்தொரு வயது. இருதயம் என்றார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பையன் பிறந்தான். அண்ணனுடைய அதே காது, மேலே கொஞ்சம் மடங்கியது. அதைப் பார்த்த நிமிஷத்தில் அம்மா முடிவு செய்துவிட்டார். “எம்மவன் பேரையே வெக்கோணும். இந்த ஊட்ல அந்தப் பேரு கேட்டுக்கிட்டே இருக்கோணும்.”

அண்ணியால் அந்தப் பேரைச் சொல்ல முடியாது. அண்ணி எடப்பாடிக்குப் பக்கத்துக் கிராமம். புருஷன் பேரை வாயால் சொல்லாத வீட்டில் வளர்ந்தவர். இந்தக் காலத்திலுமா என்று கேட்பீர்கள். ஆமாம், இந்தக் காலத்திலும்தான். அண்ணன் பேர் அவர் செல்லில்கூட ‘மாமா எத்தியோப்பியா’ என்றுதான் இருந்தது. கூரியர்காரர் வந்து பேர் கேட்டால் அண்ணி என்னைத்தான் கூப்பிடுவார். அண்ணன் எத்தனையோ தடவை சீண்டிப் பார்த்திருக்கிறார். “ஒரே ஒருக்கா சொல்லு, பட்டுச்சீல வாங்கியாறேன்.” “சீலையே வேண்டாங்க போங்க” என்று எழுந்து போய்விடுவார். அந்தப் பேரைப் பிள்ளைக்கு வைத்தால், பெற்றவளே பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது.

எங்கள் வழக்கப்படி பிள்ளை காதில் பேரை மூன்று தடவை சொல்ல வேண்டியவள் அத்தை. அதாவது நான். ஒரு பக்கம் மகனைப் பறிகொடுத்த அம்மா, இன்னொரு பக்கம் புருஷனைப் பறிகொடுத்த அண்ணி, நடுவில் என் வாய். பேர் வைக்கும் நாளுக்கு நான்கு நாள் இருந்தது.

அப்போதுதான் தாவித்திடமிருந்து வீடியோ கால் வந்தது. இரண்டு வருடம் எங்கள் ஆட்களோடு இருந்து தமிழ் கற்றவன். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். “ஏனுங்க்கா, சௌக்கியமுங்களா? கொளந்த காட்டுங்க” என்றான். காட்டினேன். காதைப் பார்த்துவிட்டுத் தன் காதின் மேல்பக்கத்தை விரலால் மடித்துக் காட்டினான். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, ஏதோ வேகத்தில், “உங்கப்பா பேரு மாதிரி ஒண்ணு வெச்சரலாமான்னு இருக்குது தம்பி” என்றேன்.

பக்கத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். குழந்தை பிறந்த பிறகு அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “மறக்கறதுக்கா நான் இவனப் பெத்தேன்?”

தாவித் கையை ஆட்டினான். “வேண்டாமுங்க. அண்ணி சொல்றது சரிங்க. எங்க தாத்தா மறக்கலீங்க. ஒருநாளும் மறக்கலீங்க. எங்கப்பாவக் கூப்பிடற ஒவ்வொருக்காவும் செத்த பையன் ஞாபகம் வந்துருமாமுங்க. எங்கப்பா சொல்லுவாருங்க, சின்ன வயசு முச்சூடும் அண்ணன் சட்டையவே போட்டுக்கிட்டுத் திரிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு. அதனாலதான் எனக்குச் சும்மா, ஊர்ல எல்லாருக்கும் வெக்கற பேரா வெச்சாருங்க.” கொஞ்சம் நிறுத்தி, தமிழ் தேடினான். “அண்ணன் பேரு வெக்க வேண்டாமுங்க. அது முந்தியே வந்துருச்சுங்க. கொளந்தைக்குப் பின்னால நிக்குதுங்களே.”

அண்ணி குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டார். “முன்னாலதான தம்பி நிக்கும்? எங்களுக்கு இனிஷியலு முன்னாலதான்” என்றார்.

“எங்களுக்குப் பின்னாலீங்க” என்றான் தாவித். “கொளந்த முன்னால போகும். அப்பா பின்னால வருவாரு. உளுந்தாப் புடிக்கறதுக்கு.”

அண்ணி சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு, பல் தெரிய.

அன்றைக்கு ராத்திரி அண்ணிதான் பேரைச் சொன்னார். மகிழன். யாரையும் நினைத்து வைக்காத பேர். யார் சட்டையும் இல்லை, புதுத் துணி. அம்மாவிடம் சொல்லத்தான் பயந்தேன். சொன்னேன். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். “அப்ப எம்மவன் பேர இனி யார் சொல்லுவா?” என்று மட்டும் கேட்டார். பேர் வைக்கும் நாளில் பிள்ளை காதில் மூன்று தடவை மகிழன் என்றேன். மூன்றாவது தடவை அவன் கொட்டாவி விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் சாப்பிடாமலேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க ஒரு திங்கட்கிழமை நகராட்சி ஆபீசுக்குப் போனோம். அம்மா குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். கவுன்ட்டரில் இருந்த அக்கா நல்ல மாதிரி. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று, “கொழந்தயோட அம்மாதான் வாயால சொல்லோணும், நான் டைப் அடிச்சுக்கறேன்” என்றார். நான் சொல்கிறேனே என்று முன்னால் நகர்ந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து ஒதுக்கினார்.

“கொழந்த பேருங்க?”

“மகிழனுங்க.”

“அப்பா பேரு?”

அண்ணி ஒரு மூச்சு எடுத்தார். அண்ணன் பேரைச் சொன்னார். மெதுவாக இல்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார். நான்கு வருடக் குடித்தனத்தில், அண்ணன் எரிந்த நாளில்கூட, அந்த வாயிலிருந்து வராத பேர். கவுன்ட்டர் அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. டைப் அடித்துக்கொண்டே, “இனிஷியல் முன்னால போட்டறட்டுங்களா?” என்றார்.

“இல்லீங்க. முழுப் பேராவே போடுங்க. பின்னால நிக்கட்டும்” என்றார் அண்ணி.

அம்மா பக்கத்தில் வந்தார். குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அண்ணியின் கன்னத்தைத் தொட்டார்.

“இன்னொருக்கா சொல்லு சாமி” என்றார்.

அண்ணி இன்னொரு தடவை சொன்னார்.