மழை பெய்யாத காலை

தாளின் மேல் சீராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்த அதிகாரி அம்மாவின் சுட்டுவிரல், நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டது. தாள் மலாயில் இருந்தது. ஆனாலும் அது நான் எழுதிய வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஈப்போவில் பதிவு அலுவலகத்தின் கவுண்டருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தோம். நான், என்னோடு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த அக்கா, அக்காவுக்குச் சாட்சி சொல்ல வந்த மாமா. நிற்கும் விரலைப் பார்த்து அவ்வளவு பயந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

நான் எங்கேயும் அதிக நாள் இருந்ததில்லை. இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு படிப்பு நின்றது. சித்தியவானில் மீன் கூடை தூக்கினேன், லாரியில் உதவியாளாகப் போனேன், பழைய இரும்பு பிரித்தேன். பிறகு ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் அக்காவோடு பாத்திரம் கழுவ நின்றேன். அக்கா செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் பிறந்தவர். அந்தப் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாமல், சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். ஏன் இன்னும் குடிமக்களின் நீல ஐசிக்கு அலைகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு தடவயாவது ஓட்டுப் போடணும் தம்பி. தேர்தல் அன்னிக்கு எல்லாரும் வெரல்ல மையோட சாப்பிட வர்றாங்க. நா மட்டும் சோப்பு நுரையோட நிக்கிறேன்" என்றார்.

அக்கா அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று, அந்தப் பிறப்பை அறிந்த ஒருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பெற்றவர்கள் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மிச்சம் இருந்தவர் லகாட்டில் மகளோடு வாழ்ந்த மாமா மட்டும்தான். அக்கா பிறந்த காலையில், அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிய வாலிபனாக, மருத்துவச்சியைச் சைக்கிளில் அழைத்து வந்தவர் அவர். நானும் அக்காவும் போய்க் கேட்டோம். மாமா சொன்னது இவ்வளவுதான்.

"பால் வெட்டிக்கிட்டு இருந்தேன். இவங்கப்பா ஓடியாந்தாரு. சைக்கிள எடுத்தேன். மருத்துவச்சிய கூட்டியாந்தேன். கொழந்த அழுதிச்சு."

"அப்புறம் மாமா?"

"அப்புறம் என்னா? பால் நிறுக்க நேரமாச்சு, போயிட்டேன் லா."

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் இரங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோட்டப் பள்ளியில் ஒரே ஒரு தடவை என் கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்தார்கள். அன்று கற்றுக்கொண்ட வித்தைதான் எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து வித்தை. வினையைச் சீக்கிரம் முடிக்கக் கூடாது. போனான், வந்தான் என்று எழுதினால் வாக்கியம் நின்று நின்று போகும். ஓடி, வழுக்கி, எழுந்து என்று எச்சமாகவே விட்டுக்கொண்டு போனால் படிப்பவனும் கூடவே ஓடுவான். அதேபோல, ஒரு பொருளைச் சொன்னால் அது செய்வதை அதன் முன்னால் வைக்க வேண்டும். பழைய சைக்கிள் என்றால் எதுவும் தெரியாது. சங்கிலி கழன்று கழன்று விழும் சைக்கிள் என்றால் கண்ணில் நிற்கும். இப்படி உட்கார்ந்து மாமாவின் ஐந்து வாக்கியங்களை ஒன்றாக்கினேன்.

'பால் வாளியை அப்படியே போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தபடி, செம்மண் சேறு முதுகு வரை தெறிக்க, சங்கிலி கழன்று கழன்று விழும் சைக்கிளை மிதித்து, ஒரு கையால் மருத்துவச்சியின் பையை அணைத்துக்கொண்டு, குழந்தையின் முதல் அழுகை கேட்ட லயத்து வாசலில் போய் நின்றேன்.'

எச்சில் தட்டுகளுக்கு நடுவே அக்கா இதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். தான் பிறந்த கதையை அவருக்கு யாரும் சொன்னதே இல்லையாம். கையெல்லாம் நுரை என்பதால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு மட்டும் சந்தேகம். தட்டச்சுக் கடையில் மலாயில் மாற்றி வாசித்துக் காட்டியபோது என்னைத் தனியே கூப்பிட்டார். "அன்னிக்கு மழ இல்லயே தம்பி" என்றார். படிப்பவர்களுக்கு இரக்கம் வரட்டும் மாமா, அதற்காகத்தான் என்றேன். அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புள்ளைக்கு நல்லது நடந்தா சரி லா" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்.

இதோடுதான் அந்தக் கவுண்டருக்குப் போனோம். விரல் நின்ற வரியிலிருந்து அதிகாரி அம்மா நிமிர்ந்தார். "அங்கிள், உஜான் மானா போலே தோரே?" என்றார். மழையில் எப்படிப் பால் வெட்ட முடியும் என்று கேட்கிறார். தன் அப்பாவும் கோலகங்சார் பக்கம் ரப்பர் வெட்டியவர்தான் என்றார். சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

மழை பெய்தால் பட்டை ஈரமாகிவிடும். பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும், வெட்டு கிடையாது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழைக் காலைகளில் என் அப்பா மறுபடியும் பாயில் படுத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எழுதும்போது மட்டும் அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாமா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அன்றைக்கு மழை இல்லை என்று மாமா மலாயில் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். சைக்கிள் சங்கிலியும் நன்றாகத்தான் இருந்தது, பையை மருத்துவச்சியேதான் வைத்திருந்தார் என்று தானாகவே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் சேர்த்ததையெல்லாம் அந்த மனிதர் ஒன்று விடாமல் கழற்றி வைத்தார்.

அதிகாரி அம்மா கத்தவில்லை. சத்தியம் ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது, இதை மேலே அனுப்ப முடியாது, வேறு சாட்சி இருந்தால் அழைத்து வாருங்கள் என்றார். அக்கா தலையாட்டினார்.

பேருந்து நிறுத்தத்தில், "பொய் சத்தியம் பண்ண வச்சிட்டியே தம்பி" என்று மாமா சொன்னார். அடுத்த வாரம் மாமாவின் ஐந்து வாக்கியங்களையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு லகாட்டுக்குப் போனேன். அழகில்லாமல், முடிந்த வினைகளோடு, ஒவ்வொன்றும் தன் காலில் நின்றது. மாமா முழுவதும் படித்தார். சரியாக இருக்கிறது என்றார். "ஆனா மறுபடியும் அந்தம்மா மூஞ்சில முழிக்க மாட்டேன். வேணாம் லா" என்று தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு தைப்பூசத்துக்கு முன்னால் இறந்துபோனார். அதற்குள் நானும் அந்தக் கடையை விட்டுக் கிளம்பியிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை.

இப்போது தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வாசல் காவல். போகிற வருகிற லாரிகளின் எண்ணை எழுதும் வேலை. அதில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. போன மாதம் அக்கா போன் செய்தார். இன்னும் அதே கடை, அதே சிவப்பு ஐசி. புதிய மனு ஒன்று கொடுத்திருக்கிறார்.

"மறுபடியும் சாட்சி கேக்குறாங்க தம்பி."

"மாமாதான் இல்லையே அக்கா."

"நீயே எழுதேன். பக்கத்துல நின்னவன் மாதிரி எழுதுனியே. நீயே கையெழுத்து போடு லா."

"அக்கா, நா அப்ப பொறக்கவே இல்ல."

"தெரியும்" என்றார். போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் வைக்கவில்லை.