கெர்னல் சொன்ன சாட்சி

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் தென்காசியில் இருக்கும் எனக்கு நிம்மதி போச்சு. லாட்ஜ்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அருவிக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜ். அங்கே ரூம் பதிகிற கம்ப்யூட்டர், கூட்டம் நெரியும் நேரம் பார்த்து உறைந்துவிடும். நான் போய் நின்றால் சமர்த்தாக ஓடும்.

லாட்ஜ் முதலாளி அண்ணாச்சி, வரவேற்பில் இருந்த பெண்ணைக் கைகாட்டினார். புளியறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வேலைக்குப் புதுசு.

"இந்தப் பிள்ளை கை பட்டாலே நின்னுருதும்மா. கைராசி கிடையாது. ஞாயித்துக்கெழமையோட நின்னுக்கோன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராசியாவது கத்திரிக்காயாவது! ஆனால் வேறு காரணம் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

அங்கே ஓடுவது லினக்ஸ். அதன் மையத்தில் இருந்து எல்லாவற்றையும் இயக்கும் கெர்னல், தனக்கு என்ன நோவு என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் அதெல்லாம் மெமரியில் மட்டுமே தங்கும். உறைந்ததும் இவர்கள் சுவிட்சை அணைப்பார்கள். சொன்னது அத்தனையும் அழிந்துவிடும். அதனால் கெர்னலின் பேச்சை நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதிவைக்கும்படி, குறித்த நேரத்தில் தானாக வேலை செய்யும் கிரானில் ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மறுபடி உறைந்தது. அவர்கள் அணைத்து மறுபடி போட்டதும், வீட்டிலிருந்தே நெட் வழியாக அந்தக் கோப்பைத் திறந்தேன். கடைசி வரிகள் முழுக்க ஒரே புலம்பல்: சூடு அளவு மீறிவிட்டது, வேகத்தைக் குறைக்கிறேன். இந்தச் சாரலில் சூடா? சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கமாகச் சுற்றப்பட்டுக் கிடந்தது.

"சாரல்ல நனைஞ்சிரப்படாதுல்லா? நான்தான் மூடி வைப்பேன். நீ வாரேன்னா எடுத்துருவேன், உனக்கு இடைஞ்சல்னு" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

"கூட்டம் வந்து வேலை கூடுனா அதுக்கு மூச்சு முட்டுதுல்லா அண்ணாச்சி? இந்தா, அதுவே சொல்லுது பாருங்க."

அந்தக் கோப்பைத் திரையில் காட்டி, ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொன்னேன். நம்பாமல் குனிந்து கம்ப்யூட்டரைத் தொட்டவர், சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். ஷீட்டைத் தானே உருவினார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"ஏ பிள்ள, திங்கக்கெழமை ஒரு பஸ் முந்தியே வந்துரு. கூட்டம் இருக்கும்."

திங்கட்கிழமை என்றதுமே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.