மிக்கேலம்மாளின் உள்ளங்கால்

குந்துகால் கரையில் விடிந்தும் விடியாததுமாக மிக்கேலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் இறங்கி நிற்பாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்த பங்குச் சாமியார் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் இப்படி ஒரு பக்தியா என்று உருகிப்போனாராம். பக்தியாவது ஒன்றாவது. அவள் கடலை வைதுகொண்டிருந்தாள். "ஏண்டி, ரெண்டு வருசமாச்சு, இன்னுமா உனக்குக் காய்ச்சல் விடல?" என்பதுதான் அவளுடைய காலை ஜெபம்.

கருவாடு விற்கிறவள். அதிலும் நெத்திலி என்றால் உயிர். பிறர் பொரிகடலை கொறிப்பதுபோல் அவள் நெத்திலிக் கருவாட்டைக் கொறிப்பாள். கோயிலிலும் மடியில் நாலைந்து இருக்கும். பிரசங்கம் நீண்டால் அவை ஒவ்வொன்றாக உள்ளே போகும். பக்கத்தில் இருக்கிறவள் மூக்கைச் சுளித்தால் அவளுக்கும் ஒன்று நீட்டுவாள். வேடிக்கையாக ஒன்று சொல்ல வந்தால், சொல்வதற்கு முன்பே சிரித்து, கண்ணில் நீர் வந்து, கடைசியில் என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்துவிடுவாள். கேட்டவர்களும் சிரித்து முடித்திருப்பார்கள்.

கடலில் கால் வைப்பதற்கு அவளிடம் ஒரு காரணம் உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் நெத்திலி கரைக்கு வரும், சூடேறினால் ஆழத்துக்குப் போய்விடும். இது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வருஷமாகக் கடல் வெதுவெதுவென்று கிடந்தது. கரைவலை இழுத்தால் கை வலிதான் மிச்சம். பிழைப்புக்காக அவள் புருஷன் கில்பர்ட் இலங்கைக்குத் தோணியேறிப் போய், பேசாலையில் வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியிடம் கூலிக்கு வலை இழுத்துக்கொண்டிருந்தார். போகும்போது, "தண்ணி குளிர்ந்தாச் சொல்லி விடு புள்ள. அடுத்த தோணியில வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் அவள் காலை நனைத்துப் பார்த்தது மீனுக்காக மட்டும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். நேரில் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

போன மார்கழியில் ஒரு பிசகு நடந்தது. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, வீட்டில் ஆள் இல்லை. ஒரு நாள் தண்ணீரில் காலை வைத்தாள், சில்லென்று ஏறியது. உடனே தோணி ஓட்டும் முஹைதீன் தண்டலிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். கில்பர்ட் பாதி வேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வலையைப் போட்டார்கள். சொறிமீனும் பாசியும் வந்தன. அது கடலின் குளிர் இல்லை, வாடைக் காற்று மேல்தண்ணீரைத் தடவிவிட்டுப் போன குளிர். கில்பர்ட் பண்டிகைச் சோற்றைத் தின்றார், கையைக் கழுவினார், திரும்பிப் போய்விட்டார்.

"ஒரு வார்த்தை வைஞ்சிருந்தா நான் பத்து வார்த்தை வைஞ்சு சரிக்கட்டியிருப்பேன். ஒண்ணுமே பேசாமப் போயிட்டாக" என்று இன்றைக்கும் சொல்கிறாள். சம்மாட்டி கோபத்தோடு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டாராம். இன்னொரு தடவை ஓடினால் வேலை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அந்தச் செய்தி வந்த பிறகு மிக்கேலம்மாள் தன் காலையே நம்பவில்லை. "ஆசைப்பட்ட காலு, பொய் சொல்லிருச்சு" என்றாள்.

மண்டபத்து மீன் ஆராய்ச்சி ஆபீசில் தவசி என்று ஒருவர் இருக்கிறார். சின்ன வள்ளத்தில் வந்து, கயிற்றில் கட்டிய கண்ணாடிக் குச்சியைக் கடலில் இறக்கி, சூடு எவ்வளவு என்று பார்த்துப் போவது அவருக்கு வேலை. வாய் நிறையப் பேச்சு. அவர்தான் அவளுக்குப் பெரு தேசத்தைக் காட்டிக் கொடுத்தவர்.

"உலகத்துக்கு அந்தக் கோடியில இருக்குக்கா. அங்கனயும் கடல் குளிர்ந்தாத்தான் மீனு. நம்ம நெத்திலிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அங்கன குளிர்ந்தா ஒரு தேசத்துல வெள்ளம், ஒரு தேசத்துல வறட்சின்னு எல்லாமே மாறும்ங்கிறாக. நம்ம பக்கம் அய்ப்பசி மழைகூட ஏமாத்திருமாம்."

"அங்கன சூடாச்சுன்னா?"

"மீன் செத்துரும். பறவை செத்துரும். அந்தச் சுடுதண்ணி கிறிஸ்துமஸ் சமயத்துல வாரதால, அதுக்குக் குழந்தை ஏசுன்னு பேரு வச்சிருக்காக."

மிக்கேலம்மாள் கூடையைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டாள். "மீனைக் கொல்லுற தண்ணிக்கா பாலன் பேரை வச்சாக? அங்கன பொம்பளைக ஒருத்தியும் வாயைத் திறக்கலையா?" அன்றிலிருந்து பெரு தேசத்துப் பெண்கள் அவளுக்கு உறவுக்காரிகள். அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் அவர்களுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் அல்லவா, இரண்டு கரையின் மீனையும் தேடித் தர வேண்டியது அவர் பொறுப்பு.

சாயல்குடிச் சந்தைக்குப் போனபோது அவளுக்கு வேறு ஒரு சங்கடம் வந்தது. கம்பு கொடுத்துக் கருவாடு வாங்கும் செவ்வந்தி, "மழை பெய்யணும்னு வேண்டிக்கம்மா, எங்க புஞ்செய் காயுது" என்று கேட்டுவிட்டாள். மழை பெய்தால் கருவாடு காயாது. பெய்யாவிட்டால் செவ்வந்திக்குக் கம்பு இல்லை, கம்பு இல்லாவிட்டால் கருவாட்டை யார் வாங்குவது? யோசித்து யோசித்து அந்தோணியாரிடம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள்: ராத்திரி பெய்யட்டும், பகலில் வெயிலடிக்கட்டும். இது நியாயமான வேண்டுதல்தானே என்று சாமியாரிடமே கேட்டாள். அவர் இருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த ஆவணியில் ஒரு நாள் உள்ளங்கால் சில்லிட்டது. கணுக்கால் இல்லை, மணலில் பதிந்த உள்ளங்கால். அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. உச்சி வெயிலில் மறுபடி போய் நின்றாள். அப்போதும் குளிர். பக்கத்து வீட்டுக்காரியை இழுத்து வந்து நிற்க வைத்தாள். தவசியின் வள்ளம் கண்ணில் பட்டதும் கத்திக் கூப்பிட்டாள்.

"குறைஞ்சிருக்குக்கா. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காத்து அடித்தண்ணியை மேல இழுத்துருச்சு. நல்லாவே குறைஞ்சிருக்கு" என்றார் தவசி.

"அப்ப மீன் வருமா?"

"அது இந்தக் குச்சிக்குத் தெரியாதே" என்று உண்மையைச் சொல்லிவிட்டார் அவர்.

மறுநாள் முஹைதீன் தண்டல் தோணியில் பாய் விரிக்கிற வரைக்கும் அவள் கரையில் முன்னும் பின்னும் நடந்தாள். இந்த முறையும் பொய்யானால் கில்பர்ட்டுக்கு அங்கேயும் வேலை போய்விடும், இங்கேயும் கஞ்சி இருக்காது. அவர் முகத்தில் எப்படி விழிப்பது? தோணி நகரத் தொடங்கியபோது இடுப்பளவு தண்ணீரில் ஓடிப் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தண்டலை அவள் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, குளிர்ந்துருச்சுன்னு சொல்லுங்க."

"போன தடவ மாதிரியா தங்கச்சி?"

"போன தடவ நான் ஆசையில சொன்னேன். இப்பப் பயத்தோட சொல்லுறேன். அதையும் அவககிட்டச் சொல்லிருங்க."

கில்பர்ட் வந்த அன்று கரைவலை கடலுக்குள் கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தோணியிலிருந்து இறங்கியவர் அவளிடம் வரவில்லை. தகரப் பெட்டியைக் கரையில் வைத்தார், நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்தார். மிக்கேலம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். வலையின் மடி கரையேறியது. ஆட்களால் தூக்க முடியவில்லை. அவிழ்த்தார்கள். நெத்திலி. மணல் தெரியாமல், முழங்கால் வரைக்கும், துள்ளத் துள்ள நெத்திலி. பங்குச் சாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை தூக்க வந்துவிட்டார்.

கில்பர்ட் மீனுக்கு நடுவில் நின்றபடி அவளைத் தேடினார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் அலைக்குள் குனிந்து, இரண்டு கையும் நிறையத் தண்ணீரை அள்ளிக்கொண்டு பின்பக்கமாக வந்து, இலங்கையில் வாங்கிய புதுச் சட்டையின் கழுத்துப் பட்டியை இழுத்து, உள்ளே ஊற்றினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் சிலிர்த்து, "ஏ கழுத, கொல்லுறியா" என்று அவர் துள்ளுவதற்குள் அவள் அடுத்த கை அள்ளக் குனிந்துவிட்டாள்.