நான்காவது கோட்பாடு

எனக்குச் சோறு போடுவது ஒழுக்கம். மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் நன்னெறி ஆசிரியையாக இருக்கிறேன். மக்களுக்குக் குடிமை போதிப்பது இங்கே பழைய கதை. நான் ரப்பர் தோட்டத்தில் சிறுமியாக இருந்தபோது அரசாங்க வேன் வரும். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். நல்ல குடிமக்களாக வாழ்வது எப்படி என்று நடுவில் ஒலிபெருக்கி கத்தும். சனம் கூடியது என்னவோ படத்துக்குத்தான். பிறகு பள்ளியில் நன்னெறிப் பாடம் வந்தது. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு விளக்கம், ஒரு சொல் விட்டாலும் மார்க் போச்சு. அப்படி உருப்போட்டே நான் ஆசிரியையும் ஆகிவிட்டேன்.

என் அம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. இதே மண்ணில், தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை, அவ்வளவுதான் குற்றம். அதனால் அவர் குடிமகள் இல்லை. நாங்கள் ஓட்டுப் போடப் போகும்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நின்று எங்கள் கைப்பைகளைப் பார்த்துக்கொள்வார். சாவதற்குள் ஒரு தடவையாவது விரலில் மை வைத்துக்கொள்ள வேண்டும் என்பார்.

எழுபது வயதுக்கு மேல் குடியுரிமை நேர்காணலுக்கு அழைத்தார்கள். நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் மலாயில் சொல்லத் தெரிய வேண்டும். துணி காயப்போடும்போதும் நெத்திலி ஆயும்போதும் அம்மா ஒப்பித்தார். நான்காவதில்தான் வம்பு. 'உண்டாங்-உண்டாங்' என்றால் சட்டம். 'ஊடாங்' என்றால் இறால். சுங்கை ஊடாங் என்ற ஊரில் பல வருடம் கேன்டீன் வேலை பார்த்தவர் வாயில் ஊடாங்தான் வந்தது.

"உண்டாங்மா. நடுவுல ஒரு 'ண்' வருது."

"அதத்தானடி சொல்றேன், ஊடாங்-ஊடாங்!"

நேர்காணலில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை உள்ளே விட்டார்கள். அம்மா எழுந்து நின்று, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார். மூன்று சரியாக வந்தன. நான்காவதாக, சட்டத்தின் ஆட்சிக்குப் பதில் இறால்களின் ஆட்சியை அறிவித்தார். அதிகாரி சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, "ஆன்ட்டி, லாகி செக்காலி" என்றார். இன்னொரு முறையாம். அம்மா இன்னும் உரக்கச் சொன்னார். அறையே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். அதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார், கேட்கத்தான் ஆளில்லை. இன்னும் படித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். தினமும் வகுப்பில் நான் விளக்கம் எழுதிப்போடும் மரியாதை அந்த அறையில் ஒருவரிடமும் இல்லை.

திரும்பும் வழியில் கிளேபாங் கடற்கரையில் இளநீர் குடிக்க நிறுத்தினோம்.

"நல்லா சிரிச்சுப் பேசுனாங்கல்ல? அடுத்த தடவ கண்டிப்பா குடுத்துருவாங்க லா," என்றார் அம்மா.

தப்பைத் திருத்தினால்தானே அடுத்த முறை தேறுவார்? அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று சொன்னேன்.

அம்மா இளநீரைக் கீழே வைத்தார்.

"அப்ப நானும்ல சேந்து சிரிச்சேன்," என்றார்.

அடுத்த முறை அழைத்தபோது அவர் போகவில்லை. சிவப்பு ஐ.சி.யோடே செத்தார்.