திட்டியதைச் சேமிக்கவில்லை

கணபதி பகுதியில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. பெட்டிக்குள் ஓடும் நிரலில் பாதி, யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்தது. இலவசமாக வைத்தவன் எந்த நேரமும் எடுத்துவிடலாம். அதனால் ஞாயிறுதோறும் அத்தனையையும் நகலெடுத்து ஒரு ஹார்டு டிஸ்கில் வைப்பேன். பட்டறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அதில் ஒன்று உடுமலைக்காரர் ஒருவருடையது. தன் தென்னந்தோப்பின் சொட்டுநீர் வால்வுகளை முறை மாற்றித் திறந்து மூடுவதற்கு எழுதியது. "இது வேலை செய்யுமா, சும்மா போட்டு வைத்திருக்கிறீர்களா?" என்று அந்தப் பக்கத்திலேயே கேட்டேன். அப்படித்தான் கேட்பேன். அவர் கோபப்படாமல், தன் தோப்பின் எட்டு வால்வில் ஒவ்வொன்றையும், அடுத்தது திறந்து எத்தனை நொடி கழித்து மூடவேண்டும் என்று பட்டியல் போட்டுப் பதில் எழுதினார். என்னைவிட மோசமாகக் கேட்டவர்களும் உண்டு. ஒருநாள் அவர் வெறுத்துப்போய், அந்தப் பக்கத்தோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விட்டார்.

சித்திரையில் பட்டறை எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, என்ற கோடிங்கு உங்ககிட்ட கெடக்குதுங்களா? இடி எறங்கி பெட்டி கருகிப்போச்சுங்க. ஆத்தரத்துல லேப்டாப்புலயும் அழிச்சுப்போட்டனுங்க."

"இருக்குதுங்க." பெருமையாகத்தான் சொன்னேன். அன்றே அனுப்பினேன்.

இரண்டு நாளில் மறுபடி போன். புதுப் பெட்டியில் நிரல் ஓடியது. ஆனால் அடுத்த வால்வு திறக்குமுன் முந்தையது மூடி, அழுத்தத்தில் குழாய் பிளந்துவிட்டது. நொடிக் கணக்கு கருகிய பெட்டிக்குள் இருந்தது. இன்னொரு பிரதி எனக்கு எழுதிய பதிலில். நான் எடுத்ததோ நிரல் மட்டும். கேள்வி பதில் பக்கங்கள் தானாக அதோடு வராது, தனியாக எடுக்கவேண்டும். வெட்டிப்பேச்சு எதற்கு என்று தெரிந்தே விட்டிருந்தேன்.

சொன்னேன். சிரித்தார். "நீங்க என்னையத் திட்டுனதையுஞ் சேத்து எடுத்து வெச்சிருந்தா தப்பிச்சிருப்பனுங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தண்ணீர் காணாத மரங்களின் கீழே குரும்பை உதிர்ந்து கிடந்தது. அவர் வால்வைத் திருகினார், நான் நொடி எண்ணினேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஐந்தாவது வால்வின் கணக்கு மட்டும் நாலு தடவை தப்பியது. எட்டும் முடிய சாயங்காலம் ஆயிற்று.

"எழுதிப்போட்டீங்களா?" என்றார்.

"எழுதியாச்சுங்க."

"ரெண்டு எடத்துல எழுதுங்க. உங்க மேல இடி உழுந்தா நான் ஆரைக் கேக்கறது?"