துண்டுக்குள் விலை பேசிய இளவரசி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாட்டுத் தரகில் தொடங்கி, கம்பத்தில் திராட்சைத் தோட்டம் போட்டேன், லாரி வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். யாரும் கைதூக்கி விடவில்லை.

என் மருமகள் வயசுப் பிள்ளைகள் வாசிக்கும் மாயக்கதை எழுதுகிறாள். அதன் மூன்றாவது, கடைசிப் பாகம் போன மாதம் வந்தது. என் வீட்டுக்காரி சத்தமாக வாசிக்க, நான் கேட்டேன்.

அரக்கனிடம் சிக்கிய தம்பியை மீட்க இளவரசி போகிறாள். கூட வந்த கிழட்டுத் தரகன் சொல்லிக்கொடுத்தபடி, இருவர் கைமேலும் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுகிறாள். அரக்கனின் பிடி தளர்வது தெரிந்ததும் அடித்துப் பேசித் தம்பியை மீட்டுவிடுகிறாள். மாட்டுச் சந்தையில் காலமெல்லாம் நான் செய்த வேலை அது. புத்தகம் என்பது படித்தவர்கள் சமாச்சாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அடுத்த பக்கத்திலேயே தரகன் செத்துப்போனான். மருமகளைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா, என்னைய எதுக்குக் கொன்ன?"

"அது நீங்க இல்ல மாமா. கதைக்கு அப்பிடி அமஞ்சிருச்சு."

"அப்ப துண்டு யாருது?"

"துண்டு உங்களுதுதேன்."

"தரகு வாங்காம எந்தத் தரகனாச்சும் சாவானா?"

"கதையிலயாச்சும் வாய மூடுனீகளே" என்றாள் வீட்டுக்காரி.

அந்த முடிவு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் துண்டுப் பக்கத்தைத் தினமும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலே உபயம் என்று பெயர் எழுதுகிறார்கள். நான் கொடுத்தது ஒரு இளவரசியின் வெற்றி. அடுத்த பதிப்பின் முதல் பக்கத்தில் என் பெயர் வந்தாக வேண்டும்.